ஓரிகனில் பிளாக்டெயில் மான் வேட்டை: முதல் சீசனுக்கு எப்படித் தயாராவது?

ஹில்ஸ்போரோவாசி:

எல்லோருக்கும் வணக்கம். வேலைக்காக ஓரிகன் வந்தவன், குடும்பத்தோடு ஹில்ஸ்போரோவில் இருக்கிறேன். இந்த அக்டோபரில் பிளாக்டெயில் (கறுப்புவால்) மான் வேட்டைக்குப் போவது என்று முடிவெடுத்துவிட்டேன். எங்கள் வீட்டில் யாரும் துப்பாக்கியைத் தொட்டது கிடையாது. ஊரில் மான் வேட்டை என்றாலே 1972 வனவிலங்குச் சட்டமும் கோர்ட்டும்தான் நினைவுக்கு வரும், அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் பெரியவர்களும் இல்லை.

யூடியூபில் கிடைப்பதெல்லாம் கிழக்கு மாநிலங்களில் மரத்தில் பரண் கட்டி வெள்ளைவால் மானுக்குக் காத்திருக்கும் வீடியோ, இல்லாவிட்டால் கேஸ்கேட் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் வெட்டவெளியில் பைனாகுலர் வைத்து மைல் கணக்கில் மியூல் மான் தேடும் வீடியோ. நான் போக நினைப்பது டிலமூக் ஸ்டேட் ஃபாரஸ்ட். கோடையில் போய்ச் சுற்றினேன், நாலு அடி உள்ளே போனால் எதுவும் தெரியாத அளவுக்கு ஃபெர்னும் முள்ளும் மண்டிக் கிடக்கிறது. எங்கள் தெருவில் ரோஜாச் செடியைத் தின்னும் மான்களைத் தினமும் பார்க்கிறேன், காட்டுக்குள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

எங்கே தேடுவது, உட்கார்ந்திருப்பதா நடப்பதா, என்ன துப்பாக்கி, சுட்ட பிறகு என்ன செய்வது, எல்லாமே எனக்குப் புதுசு. அப்புறம் நான் எச்1பி விசாவில் இருக்கிறேன், துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா என்பதே சரியாகத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மழைக்காடன்:

தம்பி, நல்ல காடாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். டிலமூக் காடு 1933 முதல் 1951 வரை ஆறு வருடத்துக்கு ஒரு முறை பெருந்தீயில் எரிந்து, பிறகு நட்டு வளர்த்த காடு. இப்போது அங்கே மரம் வெட்டுகிறார்கள், நடுகிறார்கள், அந்தச் சுழற்சிதான் மானுக்குச் சாப்பாடு போடுகிறது. அடர்ந்து வளர்ந்த டக்ளஸ் ஃபர் தோப்புக்குள் வெளிச்சம் தரைக்கே வராது, தின்ன ஒன்றும் முளைக்காது, அங்கே மான் படுக்க மட்டும்தான் போகும். முழுக்க வெட்டிய கிளியர்கட்டில் இரண்டாவது மூன்றாவது வருடத்திலேயே ஃபயர்வீட், கொடி பிளாக்பெர்ரி, ஹக்கிள்பெர்ரி துளிர் எல்லாம் கிளம்பிவிடும். நட்ட கன்று இடுப்பு உயரம், தலை உயரம் வரும் வரைக்கும் அது விருந்துதான். பத்துப் பதினைந்து வருடத்தில் கிளைகள் கூடிக்கொண்டு நிழல் விழுந்துவிட்டால் அந்த இடம் முடிந்தது. ஆகவே மேப்பில் கிளியர்கட்டைப் பார்த்தால் எப்போது வெட்டியது என்பதைத்தான் முதலில் பாருங்கள். சாட்டிலைட் படத்தில் பழைய வருடங்களைப் புரட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இன்னொன்று, தனியார் மரக் கம்பெனி நிலத்தில் களைக்கொல்லி தெளித்திருப்பார்கள். கன்று மட்டும் பச்சையாக நிற்கும், சுற்றிலும் பழுப்பாகக் கிடக்கும். அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பிளாக்டெயிலைப் பற்றி ஒன்றே ஒன்று மட்டும் மனதில் வைக்கச் சொன்னால் இதைச் சொல்வேன்: அது ஊர் சுற்றாது. ஒரு ஆண் மான் பிறந்து வளர்ந்து சாகிற வட்டாரம் நாம் நினைப்பதைவிட ரொம்பச் சின்னது, அதுவும் அந்த வட்டாரத்துக்குள் பகலில் அது இருக்கும் இடம் இன்னும் சின்னது. ஆபத்து என்றால் மியூல் மான் மாதிரி அடுத்த மலைக்கு ஓடாது, அப்படியே புதருக்குள் அசையாமல் நின்று நம்மைக் கடந்துபோக விட்டுவிடும். கோடையில் நீங்கள் நடந்த வழியில் எத்தனை மான் உங்களைப் பார்த்துக்கொண்டு நின்றதோ. ஆகவே டிலமூக் முழுக்கச் சுற்றாதீர்கள். கேட் போட்டு வண்டி போக முடியாத ஒரு கிளைச் சாலை, அதன் முடிவில் ஐந்தாறு வருட கிளியர்கட் ஒன்று, ஓரத்தில் வளர்ந்த காடு, கீழே ஒரு ஓடை. அப்படி இரண்டு இடம் போதும். அந்த இடத்தின் ஒவ்வொரு தடமும் தெரிகிற வரைக்கும் திரும்பத் திரும்பப் போங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, அதனால் அது கடித்த நுனி பிய்த்தெடுத்த மாதிரி நார் நாராக இருக்கும். முயல் கடித்தது கத்தியால் சாய்வாக வெட்டியது மாதிரி சுத்தமாக இருக்கும். இதைப் பார்க்கப் பழகிவிட்டால் வெறும் புதராகத் தெரிந்த இடம் பேச ஆரம்பிக்கும். செப்டம்பருக்குப் பிறகு ஆல்டர் கன்றுகளைப் பாருங்கள். ஆண் மான் கொம்பு தேய்த்த இடத்தில் பட்டை உரிந்து உள்ளே செம்மண் நிறத்தில் சிவந்திருக்கும், தூரத்திலிருந்தே தெரியும்.

நடப்பதா என்று கேட்டீர்கள். மழை பெய்தால் நடங்கள். காய்ந்த அக்டோபரில் வைன் மேப்பிள் சருகு மேல் கால் வைத்தால் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும், நல்ல மழை இறங்கிவிட்டால் அதே தரை ஜமக்காளம் மாதிரி ஆகிவிடும். இரண்டு எட்டு வைத்து நின்று, கண்ணால் பார்த்து, பைனாகுலரால் பார்த்து, மறுபடி இரண்டு எட்டு. நூறு கஜத்துக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். மெதுவாகப் போகிறோம் என்று நீங்கள் நினைக்கிற வேகத்தில் பாதி வேகம்தான் சரியான வேகம். முழு மானைத் தேடாதீர்கள், அது கிடைக்காது. நிற்கிற மரங்களுக்கு நடுவில் படுக்கைக் கோடாக ஏதாவது தெரிந்தால் அது முதுகாக இருக்கும். ஒரு காது திரும்பும், ஈரமான மூக்கு மினுங்கும், அவ்வளவுதான் கிடைக்கும்.

வாசலில்_நிற்பவன்:

விசா பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் இதில் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு நிறைய பேர் துப்பாக்கி வாங்கிவிடுகிறார்கள். எச்1பி உட்பட தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அதற்கு ஒரு விலக்கு உண்டு: அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடையே இல்லை. ஆக முதலில் உரிமம், அப்புறம்தான் கடை. நண்பரின் துப்பாக்கியை ரேஞ்சில் வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் இதற்குள் வரும்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: ஓரிகனின் வருடாந்திர உரிமம் டிசம்பர் 31 அன்று முடிந்துவிடும். வேட்டைக்குப் போகாவிட்டாலும் ஜனவரி 1 அன்று அலமாரியில் துப்பாக்கி இருக்கிறது, செல்லுபடியாகும் உரிமம் இல்லை என்றால் நீங்கள் சட்டத்துக்கு வெளியே நிற்கிறீர்கள். மீறினால் குற்ற வழக்கு, விசாவும் போகும். புது வருட உரிமத்தை டிசம்பரிலேயே வாங்கி வையுங்கள். ஃபோரம் பதிலை நம்பி வாங்காமல் குடிவரவு வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அந்தக் கட்டணம் கொடுத்தால் தப்பில்லை.

ஓரிகனில் பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால்தான் வேட்டைப் பயிற்சி வகுப்பு கட்டாயம். இருந்தாலும் போங்கள். வாஷிங்டனுக்குப் போய் வேட்டையாடுவதாக இருந்தால் 1972 ஜனவரி 1க்குப் பிறகு பிறந்த எல்லோருக்கும் அது வேண்டும். மான் டேக்கை (உரிமத்தோடு தனியாக வாங்கும் மான் அனுமதிச் சீட்டு) சீசன் தொடங்குவதற்கு முந்தைய நாளுக்குள் வாங்கிவிட வேண்டும், தொடங்கிய பிறகு தரமாட்டார்கள்.

செஹேலிஸ்_அண்ணன்:

நான் கொலம்பியா ஆற்றுக்கு வடக்கே, வாஷிங்டன் பக்கம். மழைக்காடன் அண்ணா சொன்ன இடத் தேர்வு நூற்றுக்கு நூறு சரி. ஆனால் புதிதாக வருபவரை நடக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. மெதுவாக நடப்பது என்பது பல வருடம் பழகிய கால்களுக்கு வருவது. புதியவர் பத்து நிமிடத்தில் பொறுமை இழந்து சாதாரண நடைக்கு வந்துவிடுவார், அப்புறம் அந்த வட்டாரத்து மான் எல்லாம் இரவில் மட்டும்தான் வெளியே வரும். முதல் சீசனில் உட்காருங்கள். கிளியர்கட்டின் விளிம்பில், முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய அடிமரம் இருக்கிற மாதிரி பார்த்து, வெளிச்சம் வருவதற்கு நல்ல நேரம் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிடுங்கள். சூரியன் உதிக்க அரை மணி முன்பிலிருந்து மறைந்து அரை மணி வரை சுடச் சட்டம் இடம் கொடுக்கிறது, அந்த இரண்டு ஓரத்திலும்தான் பிளாக்டெயில் விளிம்புக்கு வரும். கிளியர்கட்டை ஒரு முறை பார்த்து முடித்தாயிற்று என்று நினைக்காதீர்கள். கன்றுகளுக்கு நடுவே படுத்திருக்கும் மான் எழுந்து நிற்கும் வரை அங்கே மானே இல்லை என்றுதான் தோன்றும். ஒரே சரிவை ஒரு காலை முழுக்கத் திரும்பத் திரும்பப் பாருங்கள். 8x42 அல்லது 10x42 பைனாகுலர் போதும். துப்பாக்கியில் மிச்சம் பிடித்து இதில் செலவு செய்யுங்கள்.

காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! விடியற்காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும், வெயில் ஏறி மண் சூடானதும் மேலே ஏறும், சாயங்காலம் மறுபடி இறங்கும். காலையில் மேல் விளிம்பில் உட்கார்ந்தால் உங்கள் வாசனை நேராகக் கீழே மேய்கிற மானிடம் போகும், அதனால் விடியும்போது பக்கவாட்டில் உட்கார்ந்து காற்று திரும்பிய பிறகு மேலே போவது நல்லது. முகப்பவுடரை ஒரு சின்ன பாட்டிலில் போட்டு வைத்துக்கொண்டு அவ்வப்போது அழுத்திப் பாருங்கள், எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். கடலிலிருந்து புயல் வருகிற நாளில் இந்தக் கணக்கெல்லாம் நிற்காது, அன்றைக்குத் தென்மேற்குக் காற்றுதான் ராஜா. புயல் ஓய்ந்த முதல் இரண்டு மணி நேரம் காட்டுக்குள் இருக்க முடிந்தால் ஆபீசுக்கு லீவு போட்டாவது போங்கள். நனைந்து ஒடுங்கிக் கிடந்த மான் எல்லாம் ஒன்றாக எழுந்து மேய வரும்.

உடம்பில் பருத்தித் துணி எதுவும் வேண்டாம், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். கம்பளி அல்லது சிந்தெடிக் போடுங்கள். அந்த மலையில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, 8 டிகிரியில் நனைந்து உட்கார்ந்தால் ஆளையே முடக்கிவிடும். போன் சிக்னலும் இருக்காது, வீட்டில் எந்தக் கேட்டில் வண்டி நிற்கும், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். ஓரிகனில் பெரியவர்களுக்கு ஆரஞ்சு உடை கட்டாயம் இல்லை என்பார்கள், எங்கள் பக்கம் துப்பாக்கி சீசனில் கட்டாயம். இல்லாவிட்டாலும் போடுங்கள், நாலு அடி உள்ளே போனால் எதுவும் தெரியாத காடு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஹில்ஸ்போரோவாசி:

ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். விசா விஷயத்துக்குத் தனி நன்றி, ஜனவரி 1 கணக்கு எனக்குத் தெரியவே தெரியாது. உட்கார்ந்தே தொடங்குகிறேன், மழை வந்தால் கொஞ்சம் நடந்து பார்க்கிறேன். அடுத்த சந்தேகம்: எவ்வளவு தூரத்தில் சுட வேண்டியிருக்கும்? சுட்டு அது ஓடிவிட்டால் அந்த முள்ளுக்குள் எப்படிக் கண்டுபிடிப்பது? உண்மையில் எனக்குப் பயமே அதுதான். காயப்படுத்தி விட்டுவிட்டு வர மனசு கேட்காது.

ரோஸ்பர்க்_கரை:

அந்தப் பயம் இருக்கட்டும் தம்பி, அது இல்லாதவரோடு நான் காட்டுக்குப் போக மாட்டேன்.

308, 270, 30-06, 6.5 கிரீட்மூர், இந்தத் தோட்டா வகைகளுக்கான துப்பாக்கிகளில் எது மலிவாகக் கிடைக்கிறதோ, எது உங்கள் தோளில் சரியாக உட்காருகிறதோ அதை வாங்குங்கள். மானுக்கு வித்தியாசம் தெரியாது. 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் போதும், நடக்கும்போது 3லேயே வைத்திருங்கள், 9ல் வைத்துவிட்டுப் பக்கத்தில் எழுந்த மானைத் தேடினால் வெறும் ஃபெர்ன்தான் தெரியும். 100 கஜத்தில் குறி சரிசெய்துகொள்ளுங்கள். காட்டுக்குள் பெரும்பாலும் அதற்குள்தான் சுடுவீர்கள், கிளியர்கட்டின் குறுக்கே என்றால் 200, 250 வரும். ரேஞ்சில் மேசைமேல் வைத்துச் சுடுவதோடு நிறுத்தாமல் உட்கார்ந்து, முழங்காலிட்டு, அடிமரத்தில் சாய்ந்து சுட்டுப் பழகுங்கள். எந்தத் தூரத்தில் ஒவ்வொரு குண்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழுகிறதோ அதுதான் உங்கள் எல்லை, அதற்கு மேல் மான் நின்றால் பார்த்து ரசியுங்கள். மழை நாளில் குழல் வாயில் ஒரு துண்டு எலெக்ட்ரிக்கல் டேப் ஒட்டுங்கள், தண்ணீர் இறங்காது, அது ஒட்டியிருக்கும்போதே சுடலாம்.

சுடுவதற்கு முன் என்ன மான் என்று தெரிய வேண்டும். பிளாக்டெயிலின் வால் மேல்பக்கம் முழுக்கக் கறுப்பாக, அல்லது கரும்பழுப்பாக இருக்கும். கொலம்பியா ஆற்றின் கீழ்ப்பகுதியில் கொலம்பியன் வெள்ளைவால் மான் இருக்கிறது, அது மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள இனம். எங்கள் டக்ளஸ் கவுண்டியில் அது பெருகி 2003ல் அந்தப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஆனாலும் பிளாக்டெயில் டேக்கை வைத்து அதைச் சுட முடியாது. வால் தெரியவில்லை, கொம்பு தெளிவாகத் தெரியவில்லை, பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, இதில் எது இல்லாவிட்டாலும் விரல் டிரிகர் பக்கம் போகக் கூடாது.

மான் பக்கவாட்டில் நிற்கட்டும். முன்னங்காலின் பின்கோட்டில், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, அங்கே வையுங்கள். நுரையீரலும் இதயமும் அங்கே. சுட்டதும் அடுத்த தோட்டாவை ஏற்றிவிட்டு அசையாமல் கவனியுங்கள்: அது நின்ற இடம், கடைசியாகக் கண்ணில் பட்ட இடம், இரண்டுக்கும் ஒரு மரத்தையோ கட்டையையோ அடையாளம் வையுங்கள். எழுந்து போய்விட்டால் எல்லாம் ஒரே மாதிரித் தெரியும். நின்ற இடத்தில் ரத்தம் இளஞ்சிவப்பாக நுரை கலந்து இருந்தால் நுரையீரல், பக்கத்திலேயே விழுந்திருக்கும், அரை மணி நேரம் பொறுத்துப் போங்கள். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல், இன்னும் நிறையப் பொறுக்க வேண்டும். பச்சையாக, நாற்றத்தோடு என்றால் குடல், பல மணி நேரம் விட வேண்டும், உடனே துரத்தினால் எழுந்து எங்கேயோ போய்விடும். இங்கே சிக்கல் என்னவென்றால் பெருமழையில் ரத்தத் தடம் கரைந்துவிடும். அதனால் மழை வலுக்கும் நாளில் தூரத்துச் சுடுதலே வேண்டாம் என்பது என் கட்சி. தேடும்போது வாள் ஃபெர்னின் இலைக்கு அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், மேலே கழுவிப்போன ரத்தம் அங்கே ஒட்டியிருக்கும். கடைசி ரத்தம் இருந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு காகிதத் துண்டைக் கட்டிக்கொண்டே போனால் திரும்பிப் பார்க்கும்போது திசை தெரியும், வரும்போது அவிழ்த்துக்கொள்ளுங்கள்.

யூஜீன்_சமையல்கட்டு:

நான் சுடுவதில்லை, என் கணவர் கொண்டுவருவதைக் கறியாக்குவது என் வேலை. அதனால் கறியைப் பற்றிச் சொல்கிறேன்.

தம்பி, மான்கறி நாறுகிறது என்று சொல்பவர்கள் சாப்பிட்டது சூட்டில் கெட்ட கறியைத்தான். அக்டோபரில் மதியம் 18 டிகிரி கூட வரும். மான் விழுந்ததும் டேக் போட்டுவிட்டு (அதற்கான போன் ஆப் சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும்), உடனே குடலை எடுத்து, முடிந்தால் அங்கேயே தோலை உரித்து, நாலாகப் பிரித்துத் துணிப் பையில் போட்டு நிழலில் தொங்கவிடுங்கள். பின்னங்கால் முட்டிக்கு உள்பக்கம் கருப்பாக ஒரு ரோமக் கற்றை இருக்கும், அது வாசனைச் சுரப்பி, அதைத் தொட்ட கையோடும் கத்தியோடும் கறியைத் தொடாதீர்கள். ஆண் மான் என்பதற்கான அடையாளத்தைக் கறியோடு ஒட்டியபடியே விட வேண்டும், அதை எப்படி விடுவது என்று அந்த வருட விதிப்புத்தகத்தில் போட்டிருப்பார்கள். ஐஸ் பெட்டியில் வைத்தால் உருகிய தண்ணீரில் கறி ஊறாமல் வடித்துவிட்டுக்கொண்டே இருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கொழுப்பையும் மேல் ஜவ்வையும் முழுக்க எடுத்துவிடுங்கள். ஆட்டுக் கொழுப்பு ருசி, மான் கொழுப்பு ஆறினால் மெழுகு மாதிரி மேலண்ணத்தில் ஒட்டும், அந்த நாற்றமும் அதில்தான் இருக்கிறது. முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் வரும் நீளக் கறியைக் குக்கரில் போட்டுக் கெடுக்காதீர்கள், மிளகும் உப்பும் தடவி இரும்புக் கல்லில் நெய்விட்டு வாட்டி எடுத்தால் போதும். கழுத்தும் முன்தொடையும் எலும்போடு மிளகுக் குழம்புக்கு. அதில் கொழுப்பே இல்லாததால் தேங்காய் அரைத்து விட்டால் நன்றாக இருக்கும். மிச்சத்தில் உப்புக்கண்டம் போடலாம், ஆனால் நம் ஊர் வெயில் இங்கே கிடையாது, கொடியில் கட்டினால் பூஞ்சைதான் பிடிக்கும். கறி 71 டிகிரி வரைக்கும் ஒரு முறை சூடேறும்படி ஓவனில் வைத்துவிட்டு அப்புறம் டிஹைட்ரேட்டரில் உலர்த்துங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் செம்புத் தோட்டா வாங்கச் சொல்வேன். ஈயத் தோட்டா உள்ளே சிதறி, கண்ணுக்குத் தெரியாத துகளாகக் கறியில் தங்கும். கலிபோர்னியாவில் 2019லிருந்து வேட்டைக்கு ஈயமே கூடாது. பக்கத்து வீட்டுக்குக் கறி கொடுக்கிறீர்கள் என்றால் உங்கள் பெயர், டேக் விவரம் எழுதிய சீட்டும் சேர்த்துக் கொடுங்கள். காசுக்கு விற்பது சட்டப்படி குற்றம். கொம்பை ஊருக்கு எடுத்துப்போய்க் காட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், சென்னை விமான நிலையத்தில் வம்பு.

மழைக்காடன்:

செஹேலிஸ் அண்ணன் சொன்னது நியாயம், முதல் வருடம் உட்காருவதே மேல். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. எல்லோரும் தொடக்க வாரத்தில் கூட்டமாகப் போய்விட்டு, ஒன்றும் பார்க்காமல் அலுத்து நிறுத்திவிடுவார்கள். பிளாக்டெயிலின் இனச்சேர்க்கைக் காலம் நவம்பர் முதல் பாதியில் உச்சத்துக்கு வரும். மேற்கு ஓரிகன் துப்பாக்கி சீசன் நவம்பர் தொடக்கம் வரை நீள்வதால் கடைசி வாரம் அதன் வாசலில் போய் நிற்கிறது. அதுவரை இரவில் மட்டும் நடமாடிய ஆண் மான் பெட்டையைத் தேடிப் பட்டப்பகலில் கிளியர்கட்டைக் கடக்கும். அக்டோபர் முழுக்கப் பெட்டைகள் எங்கே மேய்கின்றன என்று குறித்து வையுங்கள், கடைசி வாரம் ஆண் மான் வருவது அங்கேதான். விடுமுறை எடுப்பதாக இருந்தால் அந்த வாரத்துக்கு எடுங்கள்.

மான் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஜனவரி 31க்குள் இணையத்தில் வேட்டை அறிக்கை கொடுத்துவிடுங்கள். காட்டுக்கே போகவில்லை என்றாலும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த உரிமம் வாங்கும்போது 25 டாலர் அபராதம் போடுவார்கள். எந்தக் கேட், எந்தக் கிளைச் சாலை என்று முடிவானதும் இங்கே பொதுவில் போடாமல் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள், மேப்பை வைத்து எங்கே உட்காருவது என்று சேர்ந்து பார்ப்போம்.